புதுச் செயின் போட்ட கீரி

ஒரு காட்டில் ஒரு சிறுத்தைக்கு முழங்கால் வலி வந்தது.

ஓடிப் பிடித்துச் சாப்பிட முடியவில்லை. வைத்தியம் பார்த்த கரடி, "ஓட்டம் கூடாது, சைக்கிள் மிதிக்கலாம்" என்று சொல்லிவிட்டது. சிறுத்தை தனக்கொரு ரேஸ் சைக்கிளை வரவழைத்துக்கொண்டது. வளைந்த கைப்பிடி, ஒல்லி டயர், பின்சக்கரத்தில் அடுக்கடுக்காகப் பல்சக்கரங்கள். தான் மட்டும் ஓட்டினால் நன்றாக இருக்காது என்று காட்டில் உள்ள எல்லோருக்கும் அதே வண்டியை வாங்கிக் கொடுத்தது. எல்லோரும் நன்றி சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் விதியைச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் ஆற்றங்கரையிலிருந்து மலையுச்சிக்கு மிதிக்க வேண்டும். கடைசியாக உச்சிக்கு வருகிறவர் காலை உணவு. வழியில் யாரையும் கடிப்பதில்லை. அது விளையாட்டு உணர்வுக்கு விரோதம். சிறுத்தை எல்லோருக்கும் பின்னால் வரும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி ஆளை மட்டும் முந்திக்கொண்டு போய், துண்டை விரித்து உட்கார்ந்துவிடும்.

காட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. ஆனாலும் முன்பெல்லாம் எந்த நேரத்தில் எந்தப் புதரிலிருந்து பாயும் என்றே தெரியாது. இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் பயம். இதை முன்னேற்றம் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தக் காட்டில் கோமதிநாயகம் என்று ஒரு கீரி இருந்தது. வண்டியை அதைப்போல வைத்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. தினமும் சாயங்காலம் செயினைத் துணியால் துடைத்து, கண்ணி கண்ணியாக எண்ணெய் விடும். துடைத்து முடித்ததும் அடுத்தவர் வண்டியைப் பார்த்து அறிவுரை சொல்லும். போன வாரம் பஞ்சரான முயலுக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில்கூட டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசியது.

அதற்கு அடுத்த புதரில் இருந்த மாசானம் என்ற காட்டுப்பன்றி நேர் எதிர். அதன் செயினில் சேறு, சருகு, சேற்றின் மேல் மறுபடி சேறு. வண்டி வரும்போது மாவு மில் வருவதுபோல் சத்தம் கேட்கும்.

"உம்ம செயினைப் பார்த்தாலே வயித்தைக் கலக்குது வே" என்று கீரி சொல்லும்.

"ஓடுதுல்லா?" என்று பன்றி கேட்கும்.

ஒரு நாள் கீரி தன் வண்டியை இலவமரத்தடிக்குக் கொண்டுபோனது. அங்கேதான் மரங்கொத்தி பட்டறை வைத்திருந்தது. அதற்குச் செல்லக்கிளி என்று பெயர்; அது பெற்றவர்களுடைய ஆசை. செல்லக்கிளி ஓர் அளவுத் தகட்டை எடுத்துச் செயினில் வைத்தது. தகட்டின் முனை தடங்கலே இல்லாமல் கண்ணிக்குள் இறங்கியது.

"செயின் நீண்டு போச்சு அண்ணாச்சி."

"தினமும் எண்ணெய் விடுதேனே."

"எண்ணெய் விட்டா மெதுவாத் தேயும். தேயாம இருக்குமா? கண்ணிக்குள்ள இருக்க ஆணி தேஞ்சு கொஞ்சம் இடைவெளி விழும். அவ்வளவு இடைவெளியும் சேர்ந்தா மொத்தச் செயினும் நீளம். நீண்ட செயின் பல்லைத் தன் அளவுக்கு அரைச்சிரும்."

"அப்ப மாத்திருவோம்."

"பல்லும் அரைபட்டிருக்கும்போல. ஆனா பல்சக்கரம் இப்போ கையிருப்பு இல்ல. செயின் மட்டும் இருக்கு. புதுசு பழைய பல்லுல கொஞ்சம் முரண்டு பிடிக்கும். போகப் போகச் சரியாயிரும்."

கீரி புதுச் செயினை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைச் சமவெளியில் ஓட்டிப் பார்த்தது. வெண்ணெயாக ஓடியது. சமவெளிக்கு அது போட்ட சின்னப் பல்சக்கரம் அதிகம் புழங்காதது. வாராவாரம் மேடேற உதவிய பெரிய சக்கரங்களை அன்றைக்கு அது தொடவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் பன்றியிடம் செயின் மாற்றுவதைப் பற்றி நீளமாக ஓர் அறிவுரை சொன்னது. பன்றி கேட்டுக்கொண்டே கிழங்கு தின்றது.

ஞாயிறு வந்தது. கீரி தன் மனைவியிடம் "மதியம் வந்துருவேன்" என்று சொல்லவில்லை. அந்தக் காட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் அப்படிச் சொல்வதில்லை. "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியது.

முதல் மேட்டில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி, எழுந்து நின்று ஓங்கி மிதித்தது. டக். செயின் பல்லின் மேல் ஏறிக் குதித்தது. கால் வெறுமனே கீழே போய், மார்பு கைப்பிடியில் மோதியது. மறுபடி மிதித்தது. மறுபடி டக். மெல்ல மிதித்தால் குதிக்கவில்லை. ஆனால் அந்த மேட்டில் மெல்ல மிதித்தால் வண்டி நகரவில்லை.

மான் கடந்து போனது. மிளா கடந்து போனது. உடும்பு கடந்து போகும்போது "வண்டி பளபளன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனது. பின்னாலிருந்து மாவு மில் சத்தம் நெருங்கியது.

பன்றி மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் வந்தது. "என்ன வே, புதுச் செயினா?"

"குதிக்குது மாசானம். உமக்கு மட்டும் எப்படிக் குதிக்காம இருக்கு?"

"என் பல்லும் செயினும் சேர்ந்தே கெட்டுது வே. இது நீளுத அளவுக்கு அது குழியும். ஒண்ணோட கோளாறு ஒண்ணுக்குப் பழகிப்போச்சு." நின்று பேச நேரமில்லாததால் பன்றி அதோடு போய்விட்டது.

கொண்டைஊசி வளைவில் கீரி மட்டும் நின்றது. மனைவியை நினைத்துக்கொண்டது. எண்ணெய் விட்ட சாயங்காலங்களை எல்லாம் நினைத்துக்கொண்டது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அப்போது கிறீச் கிறீச் என்ற சத்தத்தோடு சிறுத்தை வந்து சேர்ந்தது.

"என்ன தம்பி, முடியலையா?" என்று அன்பாகக் கேட்டது.

"முடியலை ஐயா."

"பதறாதே. மெதுவா மேலே வா. அவசரமில்லை."

கீரி சிறுத்தையின் செயினைப் பார்த்தது. கரிச்சட்டிபோல் கறுத்திருந்தது. பல்சக்கரத்தைப் பார்த்தது. ஒவ்வொரு பல்லும் பூனை நகம்போல் வளைந்திருந்தது. தன் பல்சக்கரத்தைக் குனிந்து பார்த்தது. அதே வளைவு. அதே வண்டி, அதே மலை, அதே ஞாயிற்றுக்கிழமைகள்.

"ஐயா, உங்க செயினை எப்போ மாத்துனீங்க?"

"மாத்தணுமா?"

"என்ன ஐயா இப்படிக் கேக்கீங்க. தேஞ்ச செயினை அப்படியே விட்டா பல்சக்கரத்தைத் தின்னுரும்."

சிறுத்தையின் காது நிமிர்ந்தது. "தின்னுருமா?"

"மிச்சம் வைக்காது. என் வண்டியிலே புதுச் செயின் கிடக்கு. இன்னும் கொஞ்ச நேரத்திலே எனக்கு எதுக்கு அது? உங்க வண்டியிலே கிடந்தா ஒரு நல்ல காரியம் பண்ணுன திருப்தியாவது இருக்கும். உங்க பழசை நான் மாட்டிக்கிடுதேன். உச்சி வரைக்கும் வந்து சேரணும்லா, விதி இருக்கே."

சிறுத்தைக்குக் கண் கலங்கியது. இப்படி ஓர் உணவை அது பார்த்ததே இல்லை. "நல்ல பிள்ளையா இருக்கியே" என்று வண்டியைச் சாய்த்துப் போட்டது.

அந்தச் செயின்களில் ஒரு கண்ணியைக் கருவியில்லாமலேயே கழற்றலாம். கீரி அதைப் பல்லால் கடித்து எடுத்தது. புதியதைச் சிறுத்தையின் வண்டியில் மாட்டி, வழக்கம்போல் துணியால் துடைத்தும் விட்டது. கறுத்ததைத் தன் வண்டியில் மாட்டியது. ஏறி மிதித்தது. செயின் வளைந்த பற்களில் போய் உட்கார்ந்து, கிறீச் என்று அழுதுகொண்டே ஓடியது. குதிக்கவில்லை.

"பார்த்து வாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வளைவில் மறைந்தது.

சிறுத்தை ஏறி ஓங்கி மிதித்தது. டக்.

கீரியோ முயலோ அல்ல, சிறுத்தை. அதன் பலம் அதிகம். பலம் கூடக்கூடச் செயினும் கூடுதலாகக் குதித்தது. முழங்கால் கைப்பிடியில் இடித்தது. எந்த முழங்காலுக்காகச் சைக்கிள் வாங்கியதோ அதே முழங்கால். கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நொண்டி நடந்தது.

உச்சியில் எல்லோரும் காத்திருந்தார்கள். கீரி வந்ததும் யாரும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு அப்புறம் வெயில் ஏறி, பசித்துப்போய், சிலர் கொண்டுவந்த கிழங்கைப் பிரித்துத் தின்னவும் தொடங்கியபிறகுதான் சிறுத்தை வந்தது.

பன்றி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்ப கடைசியா வந்தது..." என்று ஆரம்பித்தது.

"தெரியும்" என்றது சிறுத்தை.

அது தன் வாலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. நீதி தவறாத மிருகம் என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. பிறகு, விதியில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது என்றும், அதுவரை காலை உணவு ஒத்திவைக்கப்படுகிறது என்றும் அறிவித்தது. யாரோ ஒரு கிழங்கை நீட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு தின்றது.

மறுநாள் சிறுத்தை செல்லக்கிளியிடம் போனது. செல்லக்கிளி கிளையைவிட்டு இறங்காமலேயே, "போகப் போகச் சரியாயிரும் ஐயா" என்று சொன்னது. சிறுத்தை நம்பியது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வளைவில் இடித்துக்கொள்கிறது. திருத்தம் இன்னும் வரவில்லை. அது மெலிந்துவிட்டது, வண்டி ஓட்டுவதால்தான் இந்த உடல்வாகு என்று பெருமைப்படுகிறது.

கோமதிநாயகம் இப்போது யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை, சிறுத்தையைத் தவிர. சிறுத்தையின் செயின் லேசாகத் தேய்ந்ததும் வேறொரு புதிய செயினைக் கொண்டுபோய் அதற்கு மாட்டிவிடுகிறது. தன் செயினைத் தொடுவதில்லை. அதன் மேல் சேறும் சருகும் ஏறி, பன்றியின் செயினுக்கு இணையாகிவிட்டது. சாயங்காலமானால் மட்டும் கீரிக்குக் கை அரிக்கும். அப்போது துணியையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு போய், சிறுத்தையின் செயினைக் கண்ணி கண்ணியாகத் துடைத்துவிட்டு வரும்.

நீதி: எல்லாம் கெட்டுக் கிடக்கும் இடத்தில் நீ மட்டும் திருந்திவிடாதே. யாராவது திருந்தியே தீர வேண்டும் என்றால், உன்னைத் தின்ன வருகிறவரை முதலில் திருத்து.