இந்த முகவரி ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது

ஒரு காட்டில் அந்தக் கோடைக்கு ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிச்சமிருந்தது. அடிதடி இல்லாமல் எல்லாரும் குடிக்கட்டும் என்று சிங்கராஜா ஓர் இணையதளம் திறந்தார். பெயரைப் பதிந்தால் முறை வரும். புல் தின்பவர்களுக்கு மட்டும் நாளுக்கு இரண்டு முறை.

செவ்வந்தி என்ற மான், எல்லாரையும் போலக் கீரியின் பிரவுசிங் சென்டரில்தான் பதிந்தது. படிவத்தில் மின்னஞ்சல் கேட்டது.

"உங்களுக்கெல்லாம் மெயில் எதுக்கும்மா? என்னுதையே போட்டுடறேன்," என்றது கீரி. காட்டில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் போட்டிருந்தது. நல்ல மனசு, குறை சொல்ல முடியாது.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு பார்த்தால் குளம் மளமளவென்று வற்றுகிறது. யாரோ போலிப் பெயர்களில் பதிந்து குடிக்கிறார்களாம். தளத்தைப் பின்னிய தூக்கணாங்குருவியைக் கூப்பிட்டுச் சிங்கம் உறுமியது. குருவி ஒரே வாரத்தில் மின்னஞ்சல் சரிபார்ப்பைச் சேர்த்துவிட்டது. கொடுத்த முகவரிக்குக் கடிதம் வரும். அதிலுள்ள இணைப்பைப் பத்து நிமிடத்துக்குள் அழுத்த வேண்டும். ஒரு முகவரிக்கு ஒரு கணக்குதான்.

கீரி தன் பெயருக்கு அழுத்திக்கொண்டது. மற்றவர்களுக்கெல்லாம் 'இந்த முகவரி ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தது. போலிகளைப் பதிந்த நரியோ விவரமானது. நாற்பது பெயருக்கு நாற்பது மெயில் வைத்திருந்தது. மான்-1 முதல் மான்-40 வரை மத்தியானத்துக்குள் அழுத்தி முடித்துவிட்டுப் படுத்தது.

நாக்கு வறண்ட குட்டியோடு செவ்வந்தி குருவியிடம் போனது.

"நான்தாங்க மான். உங்க முன்னாடியே நிக்கிறேனே."

"நிக்கிறது எனக்குத் தெரியுதும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணுமே. புதுப் பதிவு இனி மழைக்கப்புறம்தான்."

மழை வரும்வரை குட்டி தாங்காது.

திரும்பும் வழியில் சிங்கமே எதிரில் வந்தது. செவ்வந்தி குட்டியைப் பின்னால் தள்ளி மறைத்தது. சிங்கமோ பட்டியலை எடுத்துப் பார்த்தது. போலிகளை ஒழித்த பெருமையில், ராஜாவும் இனி பட்டியல்படிதான் சாப்பிடுவது என்று முடிவாகியிருந்தது.

"உன் பேர் இதுல இல்லையே?"

"இல்லீங்க ராஜா. எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன்."

"பதிவில்லாததைத் தின்னா நாளைக்கு எவனாவது கேள்வி கேப்பான்," என்று சலித்துக்கொண்டு சிங்கம் நடந்தது. சரிபார்க்கப்பட்ட மான்கள் நாற்பதும் ஒரே புதரில் குடியிருப்பதாகப் பட்டியல் சொன்னது. செவ்வந்தி தூரத்தில் நின்று பார்த்தது.

புதரிலிருந்து நரி எழுந்தது. "ராஜா, நான் நரிங்க."

சிங்கம் பட்டியலை இரண்டு தடவை புரட்டியது. "நரின்னு யாருமே வெரிஃபை பண்ணலையே," என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தது.

மறுநாள் குளத்தடியில் காவல் பன்றி மான்-1 முதல் மான்-40 வரை கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வராமல் ஓய்ந்துபோய்க் கண்ணயர்ந்தது. செவ்வந்தியும் குட்டியும் வயிறு முட்டக் குடித்தன. அதற்கடுத்த நாளும் அப்படியே.

மழை வந்ததும் குருவி பறந்து வந்தது. "அம்மா, உங்களுக்குத் தனி மெயிலே ஆரம்பிச்சு இணைப்பும் அனுப்பிட்டேன். வந்துச்சா?"

செவ்வந்தி தன் குட்டியை ஒரு பார்வை பார்த்தது. "ஸ்பாம்ல போயிருக்கும்," என்றது.

நீதி: மின்னஞ்சலில் வரும் இணைப்பைப் பத்து நிமிடத்துக்குள் அழுத்தாதவர்கள் நூறாண்டு வாழ்வார்கள்.