ஹேஷ் அண்ணனும் என் நாலாவது ஹேஷும்

நீலகிரியில் மூடுபனிக்குப் பயப்படாதவர்கள் உண்டு, காட்டெருமைக்குப் பயப்படாதவர்களும் உண்டு. ஹேஷ் அண்ணனுக்குப் பயப்படாமல் தலைப்பு வைத்தவர் யாருமில்லை. ஒரே ஒரு தடவை நான் வைத்தேன்.

அரவேணுவில் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். தேயிலை ஃபேக்டரி மெஷின்களை எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது என்று செல்போனில் பார்க்கும் கையேடுகளை எழுதுவோம். வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி (#) போட்டால் பெரிய தலைப்பு. இரண்டு போட்டால் அதற்குள் வரும் தலைப்பு. மூன்று போட்டால் அதற்கும் உள்ளே. இந்தப் படிகளைச் சரிபார்ப்பது அண்ணனின் வேலை. யாராவது இரண்டிலிருந்து நான்குக்குத் தாவினால் அன்றைக்கு அவருக்கு டீ இறங்காது.

அவர் எழுதும் லீவு லெட்டரும் அப்படித்தான். ஒரு ஹேஷில் 'விடுப்பு', இரண்டில் 'காரணம்', மூன்றில் 'காய்ச்சல்'. அதன் கீழே ஒரே வரி: 'அடிக்கிறது.'

"தலைப்பு போட்டா கீழ ஒரு வரியாச்சும் இருக்கோணுமுங்க. போர்டை மாட்டிப்போட்டு கடையைத் தொறக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்பார்.

என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். "ஏனுங்க தம்பி, உங்க பேரு தாய்மாமனுக்குக் கீழ நாலாவது படில இருக்குது. கல்யாணம் உங்களுக்கா, மாமனுக்கா?" இதை மாமாவிடம் போய்ச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அதற்கப்புறம்தான் தேயிலையைக் காயவைக்கும் டிரையருக்கு ஒரு கையேடு எழுதினேன். 'கரண்ட் போனால் செய்ய வேண்டியது' என்ற பகுதிக்கு, எழுத்து சின்னதாக அழகாக இருக்கிறதே என்று நான்கு ஹேஷ் போட்டேன். அண்ணன் மூன்றாகத் திருத்தினார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் திரும்பவும் நான்காக்கி அனுப்பிவிட்டேன். மனுஷனுக்கு வேறு வேலையில்லை என்ற நினைப்பு எனக்கு.

செல்போனில் பொருளடக்கம் மூன்று படி வரைதான் காட்டும். ஒரு ஃபேக்டரியில் கரண்ட் போனபோது ஆபரேட்டர் அதை மேலும் கீழும் தள்ளித் தேடியிருக்கிறார். அந்தப் பகுதி கண்ணில் படவே இல்லை. அடுப்புச் சூடு தணியாமல் டிரையருக்குள் இருந்த தூள் முழுக்கக் கருகிப்போனது.

மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து, "கடைசியா செக் பண்ணுனது யாரு?" என்றார்.

"நாந்தானுங்க," என்றார் அண்ணன். என்னை ஒருமுறை பார்த்தார். கல்யாணமாகி ஒரு மாதம்தான், வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் அவர் நாற்காலி காலியாக இருந்தது.

இப்போது இத்தலார் கிராமத்தில் காரட் விவசாயம் பார்க்கிறாராம். போன மாதம் அவருக்கு அனுப்ப ஒரு கோப்பைத் திறந்து, ஒரு ஹேஷ் போட்டு 'மன்னிப்பு' என்று எழுதினேன். தலைப்பு போட்டால் கீழே ஒரு வரி வேண்டுமே. அந்த வரி வர மூன்று நாள் பிடித்தது: 'நாலாவது ஹேஷைப் போட்டது நாந்தானுங்க அண்ணா.'

உடனே பதில் வந்தது. 'அன்னைக்கே தெரியுமுங்க தம்பி. தலைப்பு சரியா வெச்சிருக்கீங்க.'

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அந்த மனுஷனுக்கு என்மேல் கோபப்படக்கூடத் தெரியவில்லை.