ஐந்தாம் அத்தியாயம் பூட்டப்பட்டுள்ளது

லிஃப்ட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கையேடு எழுத மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் எழுதியது ஒரே கையேட்டைத்தான். ஆளுக்கொரு பிரதி வைத்திருந்ததால் அது மூன்றாகிவிட்டது. ஒன்றில் லிஃப்டுக்கு ஒரு கதவு, இன்னொன்றில் இரண்டு, மூன்றாவதில் கதவே இல்லை.

இந்த அவலத்தைக் களையத் திருவுளம் கொண்ட மேலாளர், எழுதும் மென்பொருளோடு ‘சோர்ஸ் கன்ட்ரோல்’ என்பதை இணைத்தார். கோப்புகள் சர்வரில் ஓரிடத்தில் இருக்கும். ஒருவர் திருத்தினால் எல்லோருடைய கணினியிலும் அதுவே வந்து உட்காரும். மூவரில் ஒருத்தியான, காற்புள்ளி விட்டுப்போனால் சோறு இறங்காத ‘கமா அக்கா’வே வாயாரப் பாராட்டினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அதில் பூட்டு வசதியும் இருப்பதை மேலாளர் பார்த்துவிட்டார். ஒருவர் பூட்டிய கோப்பை மற்றவர் படிக்கலாம், தொடக்கூடாது. ‘பொறுப்புணர்வைப் பேணும் பொருட்டு’ அவசரகால மீட்பு பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தைத் தம் பெயரிலேயே பூட்டிக்கொண்டார்.

அதில் ஒரு பிழை. கதவைத் திறக்கச் சாவியை வலப்பக்கம் திருப்ப வேண்டும்; கையேட்டிலோ இடப்பக்கம் என்றிருந்தது.

“சார், ஒரே ஒரு வார்த்தை. பூட்டை எடுங்களேன்,” என்றாள் கமா அக்கா.

“எழுதிக் குடும்மா, பரிசீலிக்கிறேன்.”

அது பரிசீலனையில் இருக்கும்போதே, அலுவலக லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. உள்ளே மேலாளர்.

மெக்கானிக் வந்தார். கையேட்டை டேப்லெட்டில் திறந்துவைத்து, சாவியை இடப்பக்கம் திருப்பினார். கதவு அசையவில்லை.

“வலப்பக்கம் திருப்புங்கண்ணே!” என்றாள் கமா அக்கா.

“நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா வாய்ச்சொல்லைக் கேட்டுத் திறந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?”

“சபாஷ்!” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “அங்கீகரிச்சதைத்தான் செய்யணும்!”

கொஞ்ச நேரத்தில் உள்ளே மின்விசிறி நின்றது. கொள்கையும் தளர்ந்தது.

“அம்மா... அந்த வார்த்தையைத் திருத்திடேன்.”

“உங்க பேர்ல பூட்டியிருக்கே சார். பாஸ்வேர்டு வேணும்.”

வராந்தா முழுக்க ஆட்கள்.

“பட்டுக்குட்டி,” என்றது குரல்.

“கேக்கலை சார்!”

“பட்டுக்குட்டி!”

யாரும் சிரிக்கவில்லை. சிலருக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்தது. கமா அக்கா மடிக்கணினியில் தட்டினாள்.

“திருத்தத்துக்குக் காரணம் கேக்குது சார்.”

“காரணம் நான்தாம்மா! நான் உள்ளே இருக்கேன்!”

அதையே எழுதி, இரண்டு ஆச்சரியக்குறியும் போட்டு, சர்வருக்கு அனுப்பினாள். டேப்லெட்டில் ‘வலப்பக்கம்’ வந்ததும் மெக்கானிக் சாவியைத் திருப்பினார். கதவு திறந்தது.

வியர்வையில் நனைந்து வெளியே வந்த மேலாளர், “இனிமே அந்த அத்தியாயத்தை நீயே பாத்துக்கம்மா,” என்றார். கமா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தியாயத்தைத் திறந்து, விட்டுப்போன காற்புள்ளிகளையெல்லாம் ஆசைதீரப் போட்டாள். டீ குடிக்க எழுந்தவள் ஒரு கணம் யோசித்தாள். இவ்வளவு பாடுபட்டதில் எவனாவது கைவைத்துவிட்டால்? தன் பெயரில் பூட்டினாள்.

அதைப் பார்த்த பக்கத்து மேசைக்காரர் தம்முடையதைப் பூட்டினார். மூன்றாமவர் மிச்சத்தைப் பூட்டினார்.

அடுத்த மாதக் கடைசியில் தலைமையகத்திலிருந்து பாராட்டு மடல் வந்தது: “தங்கள் பிரிவின் அனைத்துக் கோப்புகளும் முழுமையான ஒத்திசைவில் உள்ளன. இம்மாதம் ஒரு பிழைத்திருத்தம்கூடத் தேவைப்படவில்லை என்பதறிந்து மகிழ்கிறோம்.”