மீசைக்காரரும் மிக்சர் கையும்

இந்தச் சனிக்கிழமை புல் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆக்லாந்துப் புல்லைப் போலச் சுறுசுறுப்பான ஜீவன் உலகத்தில் கிடையாது. மழை பெய்தால் வளரும். பெய்யாவிட்டால், பெய்யும் என்ற நம்பிக்கையில் வளரும்.

வழி காட்டியவள் என் மனைவி ஆனந்தவல்லி. நியூ லின் நூலகத்திலிருந்து பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் பட டிஸ்க்குகளை வரிசையாக அள்ளி வந்திருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே துப்பறிவாளர், ஒரே மாளிகை, அதே நடிகர்கள். படத்துக்குப் படம் பிணம் மட்டும் மாறும். எல்லோரும் வேர்த்துக்கொண்டு நிற்கும்போது துப்பறிவாளர் நிதானமாக ஆரஞ்சு உரிப்பார். கடைசிச் சுளையோடு கொலைகாரனும் அகப்படுவான். அந்த அழகுக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமைக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த படத்தை, அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து முழுசாகப் பார்த்துவிட்டேன். கொலைகாரன், மீசைக்காரர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் ஜெயரட்ணம் அண்ணனைச் சாட்சியாக உட்கார வைத்து ஆரம்பித்தேன்.

“வல்லி, ஒரு பந்தயம். துப்பறிவாளருக்கு முன்னாடி நான் கொலைகாரனைச் சொல்லிட்டா, நாளைக்கு நீ புல் வெட்டணும்.”

“தப்பாச் சொன்னா?”

“முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும் நான்தான். ஓரமெல்லாம்கூடக் கத்தரிச்சு விடறேன்.”

“எப்பச் சொல்லுவீங்க?”

“மூஞ்சியைப் பாத்த உடனே.”

“அப்பப்பா, என்ன மூளைங்க உங்களுக்கு!”

அந்தப் பாராட்டிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பேர் போடும்போது மிக்சர் எடுக்கச் சமையலறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அதே மாளிகை, அதே மழை. ஒரு நாய் மட்டும் புதிதாகக் குறுக்கே ஓடியது. போன தடவை கவனிக்கவில்லை போலும். கதவு திறந்தது. மீசைக்காரர் வந்தார்.

“இவன்தான் கொலைகாரன்!” என்று துள்ளினேன்.

மீசைக்காரர் தொப்பியைக் கழற்றி மாட்டினார். அப்படியே முதுகில் கத்தியோடு கம்பளத்தில் சாய்ந்தார்.

“நீர் சொன்ன கொலைகாரனையே ஆரோ கொலை செய்து போட்டாங்களே, தம்பி!” என்றார் ஜெயரட்ணம் அண்ணன்.

“வல்லி! இது அந்தப் படம் இல்லையே!”

“எந்தப் படம்?” என்றாள் அவள், ஆரஞ்சு உரித்தபடி.

வேர்த்தது எனக்கு.

“டிஸ்க்கைத் தொட்டா ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. கட்டை விரல் அச்சு அப்படியே இருக்கு. கூட ஒரு ஓமப்பொடி வேற. இந்த வீட்டுல மிக்சர் தின்ன கையைத் துடைக்காம எல்லாத்தையும் தொடறது யாரு? அதான் அதைத் தொடச்சு வச்சுட்டு, வேற படத்தைப் போட்டேன்.”

“ஓம், கேஸ் முடிஞ்சுது” என்று கடைசிச் சுளையை வாங்கிக்கொண்டார் சாட்சி.

ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை. கொலைகாரன் யாரென்று கடைசிவரை எனக்குப் பிடிபடவே இல்லை. என்ன சுகமான படம்!

மறுநாள் தூறலில் புல்வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்தது.

“என்னங்க, சீக்கிரம் முடிங்க. சாயங்காலம் அடுத்த படம். பந்தயம், பாத்ரூம் கழுவுறது. மீசைக்காரர் அதுலயும் வர்றாராம்!”