பைண்டிங் கடையில் ஒரு கொலை வழக்கு

கடிகாரக் கடைக்காரர் கொலை வழக்கில் நேற்று யார் சாட்சி சொன்னார்கள் என்பது ரேடியோ அண்ணனுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் பேப்பர் அவர் கையில்தான் இருந்தது. முதல் பக்கத்துக் கொட்டை எழுத்துகள் ஒழுங்காக நின்றன. உள்பக்கம் திருப்பியதும் மற்றதெல்லாம் சர்க்கரை டப்பாவைக் கண்ட எறும்புகளாக ஊர ஆரம்பித்தன.

“என்னண்ணே, தொண்டை கட்டிக்கிச்சா?” என்றார் கட்டிங் மெஷினில் நின்றிருந்த மாமா.

“இருப்பா. முக்கியமான சாட்சி. ஒரு தடவை மனசுக்குள்ள படிச்சிட்டுச் சொல்றேன்.”

மனசுக்குள் அவரால் படிக்க முடிந்தது பனியன் விளம்பரம் ஒன்றைத்தான்.

அது புத்தகம் பைண்டிங் செய்கிற கடை. உயரமான ஜன்னல்கள் உள்ள நீளமான கூடம், நடுவே ஒரே நீள மேஜை, ஓரத்தில் பசை தடவ ஒரு சின்ன மேஜை. அச்சகத்திலிருந்து வரும் தாள்களை மடிப்பது, அடுக்குவது, தைப்பது, பசை தடவி அட்டை ஒட்டுவது எல்லாம் கையும் கண்ணும் செய்கிற வேலை. காது மட்டும் சும்மா இருக்கும். முதலாளியின் அப்பா காலத்திலேயே அதற்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். காலையில் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவர் மடிக்க வேண்டிய தாள்களை மற்றவர்கள் பகிர்ந்து மடித்துவிடுவார்கள். செய்தியைத் தனியாகப் படிப்பது தனியாகச் சிரிப்பதைப் போல என்று நினைத்த காலம் அது.

ரேடியோ அண்ணன் வெறுமனே படித்துவிட்டு எழுந்துபோகிறவர் இல்லை. பிரதமர் விமானம் ஏறினார் என்று பேப்பர் சொன்னால், ஜன்னலோரம் உட்கார்ந்தாரா, பக்கத்து மந்திரியிடம் முகம் கொடுத்துப் பேசினாரா என்பது வரை இவர் சொல்வார். அந்த மந்திரி மனசுக்குள் என்ன நினைத்தார் என்பதும் இவருக்குத் தெரியும். கூடத்தில் யாரும் வேறு பேப்பர் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அதில் ருசி இருந்திருக்காது.

இப்போது இரண்டு கண்ணிலும் புரை. வெளியே சொன்னால் முக்காலி போய்விடும். முக்காலி போனால் மேஜைக்கு வர வேண்டும். மேஜையில் பக்க எண் பார்த்து மடிக்க வேண்டும். அதற்கும் கண்தான் வேண்டும். இதற்கு முன் கண் மங்கிய ஒரு தையல்காரரை முதலாளி மனதாரப் பாராட்டி, எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார். இனிப்பு நன்றாகத்தான் இருந்தது.

ரேடியோ அண்ணன் பேப்பரை உதறி நிமிர்த்தினார்.

“நேத்து கூண்டுல ஏறினது ஒரு பால்காரம்மா.”

ஊசிகள் நின்றன.

“விடியக்காலையில பால் ஊத்தப் போறப்ப, கடை ஷட்டர் பாதி தூக்கியிருந்துச்சாம். உள்ளேயிருந்து கடையில வேலை பார்த்தவன் கையைத் துடைச்சிக்கிட்டே வெளிய வந்தானாம்.”

“நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்றார் தையல் அக்கா. மேஜையின் பெண்கள் பக்கத்துக்கு அவர்தான் தலைவி. “சம்பளம் குடுத்த மனுஷனையே கொன்னுட்டானே, அவன் விளங்குவானா?”

“இருங்க அக்கா. அன்னைக்கு அந்தத் தெருவுல கரண்ட் இல்லைன்னு அண்ணன்தானே போன வாரம் படிச்சாரு? இருட்டுல கையைத் துடைச்சது எப்படித் தெரிஞ்சுது?” என்றார் கட்டிங் மாமா.

ரேடியோ அண்ணன் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

“அதைத்தான் ஜட்ஜும் கேட்டாரு.”

கூடம் முழுக்க மெச்சிக்கொண்டது. நல்ல ஜட்ஜ்.

அந்த ஒரு வாக்கியம் அவருக்குத் தெம்பு கொடுத்தது. மறுநாள் பால்காரம்மா நிலா வெளிச்சத்தில் பார்த்ததாகச் சொன்னாள். அன்று மழையாயிற்றே என்றது மேஜை. அதையும் ஜட்ஜ் கேட்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் பால்காரம்மாவின் பசுமாடுவரை விசாரணை போனது. குற்றவாளியின் மனைவி கோர்ட்டில் மயங்கி விழுந்த நாளில் தையல் அக்காவின் குழுவில் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

“அவருக்குக் கல்யாணம் ஆகலைல்ல?” என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். பேசியவர் பசைக்காரர். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நாற்பது வயதிருக்கும். கேட்டால் மட்டும் பதில் சொல்வார், அதுவும் பசை வாளியைப் பார்த்து. முன்பு என்ன வேலை என்று கேட்டதற்கு “கடையில” என்று சொன்னதோடு சரி.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அக்கா.

“முன்னாடி... பேப்பர்ல பார்த்த மாதிரி இருந்துச்சு.”

ரேடியோ அண்ணன் பேப்பரைச் சட்டென்று மார்போடு சேர்த்துக்கொண்டார். பசை சிந்தும் என்று அந்த ஓர மேஜையில் எப்போதும் பழைய பேப்பர்தான் விரித்திருக்கும். இன்று முக்காலியில் படித்த பேப்பர் நாளை அந்த மேஜைக்குப் போகும். கடையிலேயே அச்செழுத்தைக் குனிந்து பார்த்தபடி வேலை செய்கிற ஒரே ஆள் அவர்தான்.

“மனைவின்னா சொன்னேன்? தங்கச்சி. தங்கச்சி மயங்கி விழுந்துச்சு.”

“தங்கச்சியும்...” என்று ஆரம்பித்த பசைக்காரர், எல்லோரும் பார்ப்பதைக் கண்டு பசை வாளியைக் கலக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து ரேடியோ அண்ணன் கொஞ்ச நாளைக்கு அரசியல் பக்கம் ஒதுங்கினார். அரசியலில் தலைப்புகள் பெரிய எழுத்தில் இருந்தன. ‘மந்திரிசபையில் பிளவு’ என்ற தலைப்பை அவரே தம் கண்ணால் படித்தார். கீழே இருந்த எறும்புகளையெல்லாம் அனுபவத்தால் நிரப்பினார். ஆட்சி மாதக் கடைசியைத் தாண்டாது என்றார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

“அப்போ எலெக்‌ஷன் வந்துருமா?”

“வராம எங்க போகும், முதலாளி?”

எலெக்‌ஷன் என்றால் வாக்காளர் பட்டியல். பட்டியல் என்றால் பைண்டிங். மறுநாள் மாலை ஒரு லாரி நிறைய அட்டை வந்து இறங்கியது. கழிவறைக்குப் போகிற வழியையும் அட்டை அடைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் ‘பிளவு தீர்ந்தது’ என்று அதே அளவு எழுத்தில் வந்தது. ரேடியோ அண்ணன் அட்டைக் குவியலைப் பார்த்தார். பிறகு படிக்க ஆரம்பித்தார்.

“பிளவு தீர்ந்த மாதிரி வெளிய காட்டிக்கிறாங்க.”

நாட்டின் மந்திரிகள் ஒற்றுமையாக மாநாடு நடத்திக்கொண்டிருக்க, பைண்டிங் கடையில் மட்டும் ஆட்சி தினமும் காலையில் தள்ளாடியது. விழுந்தால் தேதி சொல்ல வேண்டும், நிமிர்ந்தால் அட்டைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அதை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்தியிருந்தார்.

இந்த அலைச்சலில் கொலை வழக்கே தேவலை என்று தோன்றியபோதுதான் கட்டிங் மாமா அந்தக் குண்டைப் போட்டார்.

“அண்ணே, என் மச்சான் ஒண்ணு சொன்னான். அந்தக் கடிகாரக் கடை கேஸ் எப்பவோ முடிஞ்சிருச்சாமே?”

பசை மேஜையில் பிரஷ் கீழே விழுந்தது.

ரேடியோ அண்ணன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். முடிந்தேயிருக்கலாம். அந்த எறும்புகளில் நாலு வரியாக ஊர்ந்து போயிருக்கலாம். அதற்குள் தையல் அக்கா களத்தில் இறங்கிவிட்டார்.

“உங்க மச்சான் சொன்னாரா? ரயில் வரலைன்னு சொல்லி எங்க எல்லாரையும் ஸ்டேஷன்ல இருந்து திருப்பி அனுப்பினாரே, அந்த மச்சானா?”

“இல்லக்கா, அவன் காதுல விழுந்ததை...”

“பேப்பரைக் கையில வச்சிக்கிட்டு ஒரு மனுஷன் உக்காந்திருக்காரு. அவரு பொய், உங்க மச்சான் காது நெஜமா?”

இவ்வளவு நம்பிக்கையை ரேடியோ அண்ணனால் கைவிட முடியவில்லை.

“மச்சான் சொன்னதும் தப்பில்லை. அது வேற கேஸ். சைக்கிள் கடைக்காரர் கொலை. ரெண்டும் கடைக்காரர் கொலைங்கிறதால குழம்பியிருப்பாரு.”

ஒரு பொய்யைக் காப்பாற்ற அன்று அவர் ஊரில் இன்னொருவரைக் கொன்றார்.

“சைக்கிள் கடைக்காரரா!” என்றார் அக்கா. “இவ்ளோ நாளா ஏண்ணே சொல்லலை? அதையும் முதல்ல இருந்து படிங்க.”

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் ரேடியோ அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் பேப்பரை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். புதுத் தாளின் வாசம் வந்தது. எழுத்து வரவில்லை. இதே கூடத்தில், சுரங்கத்தில் சிக்கியவர்களை உயிரோடு மீட்ட செய்தியை அவர் படித்த ஒரு காலை நினைவுக்கு வந்தது. அன்று எல்லோரும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, “இன்னொரு தடவை படிங்கண்ணே” என்றார்கள். ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் இன்னொரு தடவை படித்தார். அந்தத் தடவை கட்டிங் மாமா மெஷினுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார். சேர்க்க வேண்டிய அவசியமே இல்லாத செய்திகளும் அந்த நாட்களில் வந்தன.

வீட்டில் மனைவி கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள்.

“ஆபரேஷன் பண்ணிக்கிட்டா தெளிவாத் தெரியும்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“லீவு கேட்டா ஏன்னு கேப்பாரு முதலாளி.”

“கண்ணுன்னு சொல்லுங்க.”

“கண்ணுன்னு சொன்னா லட்டு வாங்கிட்டு வந்துருவாருடி.”

அவள் சொட்டு மருந்தை மூடினாள். “எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா காலையிலேயே பேப்பர் வாங்கி நானே உங்களுக்கு ஓதி அனுப்பியிருப்பேன்” என்றாள். அவர் மருந்து வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளி தடுப்பைத் திறந்துகொண்டு வெளியிலேயே வந்துவிட்டார்.

“இங்க பாருங்க, நம்ம கடையில பாதி நேரம் பைண்டிங், பாதி நேரம் கோர்ட்டு நடக்குது. பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அப்படியே நிக்குது. இந்தக் கேஸ் எப்பதான் முடியும்?”

“நாளைக்குத் தீர்ப்பு, முதலாளி.”

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு நிம்மதியாகவும் இருந்தது. முடித்துத் தொலைத்தால் பால்காரம்மாவும் போய்விடுவாள், பசைக்காரரும் குறுக்கே பேச மாட்டார்.

“நாளைக்கு நானும் பக்கத்துல நின்னு கேக்கறேன்” என்றார் முதலாளி. “பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க. நானும் பார்த்துக்கறேன்.”

நிம்மதி போய்விட்டது.

“என்ன தீர்ப்பு வரும்ணே?” என்றார் கட்டிங் மாமா. “எனக்கென்னவோ சாட்சி பலமில்லைன்னு படுது.”

“பலமில்லையா?” அக்கா ஊசியைத் தூக்கிக் காட்டினார். “அவனை விட்டாங்கன்னா, எங்க பார்த்தாலும் நானே இதால ஒரு குத்து குத்துவேன். என்ன சொல்றீங்க பசைக்காரரே?”

பசைக்காரர் ஒட்டிய அட்டையையே மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தார். அட்டை தலைகீழாக இருந்தது.

பெண்கள் பக்கம் மொத்தமும் அக்காவோடு நின்றது. ரேடியோ அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடுதலை என்றால் ‘ஏன், எப்படி’ என்று ஒரு மாதம் கேட்பார்கள். தூக்கு என்றால் ஒரு பெருமூச்சோடு முடிந்துவிடும்.

“ஜட்ஜ் முகத்தைப் பார்த்தா தூக்குதான்னு போட்டிருக்கான்” என்று பேப்பரை மடித்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் குழாயடிக்கு முதல் ஆளாகப் போனார். கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் தட்டியது. பசை வாசம் வந்ததால் யாரென்று தெரிந்தது.

“அண்ணே, தனியா ஒண்ணு பேசணும்.”

ரேடியோ அண்ணன் குழாயை மூடினார். இத்தனை நாள் பயந்தது வந்தேவிட்டது. மறைத்துப் பயனில்லை.

“உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும் தம்பி. எனக்குக் கண்ணு தெரியலை. ரொம்ப நாளா ஒரு எழுத்துகூடப் படிக்கலை. எல்லாம் என் வாய்க்கு வந்தது. முதலாளிகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. இந்த முக்காலி போச்சுன்னா நான் எங்கயும் போய் உக்கார முடியாது.”

“அய்யோ, நான் ஏண்ணே சொல்லப்போறேன்?”

“அப்போ என்னதான் வேணும்?”

பசைக்காரர் கூடத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தையல் அக்காவின் குரல் அங்கே சாப்பாட்டு வாயோடு தூக்குத் தண்டனையை விளக்கிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். காய்ந்த பசை விரல்களில் பொருக்காக நின்றது.

“கோர்ட்டுல என்னை எப்பவோ விடுதலை பண்ணிட்டாங்கண்ணே. நாளைக்கு நீங்களும் விட்டுருங்க.”