சவுண்ட் ஹார்ன் அண்ணன் எழுத மறுத்த பலகை

நாமக்கல் பட்டறைகளில் சவுண்ட் ஹார்ன் அண்ணன் கை படாத லாரி ஒன்று இருந்தால், அதற்கு இன்னும் சக்கரம் மாட்டவில்லை என்று அர்த்தம். லாரிகளின் பின்பக்கம் 'சவுண்ட் ஹார்ன்' என்று எழுதி எழுதியே அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பூப் போடாமல் அவரால் எதையும் எழுத முடியாது. ஒரு பல் டாக்டரின் போர்டில் பல்லுக்குப் பல் ரோஜா வைத்துவிட்டார். டாக்டர் கோபித்துக்கொண்டதற்கு, "சொத்தைப் பல்லுக்கு மட்டும் வெக்கலீங்க, பாத்தீங்களா?" என்றாராம்.

நான் வரலாறு நடத்தும் பெண்கள் கல்லூரியில் போன வருடம் பெண்களின் வாக்குரிமை வரலாறு பற்றி ஒரு கண்காட்சி வைத்தோம். முகூர்த்த மாதம். ஃபிளெக்ஸ் கடைக்காரர்கள் எல்லோரும் மணமக்களிடம் மாட்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் எட்டுப் பலகைகளை அண்ணனிடம் கொண்டுபோனேன்.

"அண்ணா, இது ஓட்டுச் சமாசாரம். தாமரை போட்டுடாதீங்க."

"செரிங்க. சூரியன்?"

"அதுவும் சின்னம்."

"ரெண்டு எலை?"

"ஐயோ!"

"நம்ம சேலத்து மாம்பழமுங்க?"

"அண்ணா!"

தலையைச் சொறிந்தார். "மயிலை எவனும் எடுக்கலீங்களே?"

சின்னங்களின் பட்டியலைப் போனில் தேடிப் பார்த்த பிறகுதான் மயிலுக்குச் சம்மதித்தேன். சொத்து இருந்து வரி கட்டிய பெண்களுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலத்துப் பலகையில் மயிலுக்கு ஒட்டியாணம் போட்டார். எல்லோருக்கும் ஓட்டு வந்த பலகையில் அது தோகை விரித்தது.

ஏழு பலகைகள் வந்துசேர்ந்தன. எட்டாவது வரவில்லை. மறுநாள் காலை திறப்பு விழா. அண்ணன் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் ஸ்கூட்டரில் பட்டறைக்கே போனேன்.

வெற்றுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நாட்டின் முதல் வாக்காளர் பட்டியலைப் பற்றிய பலகை அது. வடக்கே பல ஊர்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்றே சொன்னதால், லட்சக்கணக்கானவர்கள் பட்டியலில் விடுபட்டுப்போன கதை.

"இத நான் எழுத மாட்டனுங்க டீச்சர்."

"ஏன் அண்ணா?"

"லாரிக்கே பேரு எழுதாம ஷெட்ட உட்டு வெளிய உடறதில்லீங்க. மனுசிக்குப் பேரில்லைன்னு எப்படீங்க எழுதறது?"

"நடந்தது அண்ணா. மறைக்கக் கூடாதில்ல?"

அண்ணன் தணிந்த குரலில் சொன்னார்: "ஓனருங்க பொண்ணு பேரெல்லாம் எழுதியிருக்கறனுங்க. எம்பொண்டாட்டி பேர ஒருக்காக்கூட எழுதுனதில்லீங்க. கூப்புட்டதுமில்லீங்க. இருவது வருசமா 'இந்தா புள்ள'தான்."

காலையில் பலகை வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நம்பிக்கையில்லாமல் திரும்பினேன்.

ரிப்பன் வெட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பலகையின் மேல்பாதியில் வெறும் கறுப்பு எழுத்தில் அந்தக் கதை. மயில் இல்லை, பூ இல்லை. கீழ்ப்பாதி காலியாக இருந்தது.

"என்ன அண்ணா, பாதிதான் இருக்கு?"

"வாரவங்க அவங்கவங்க பேர எழுதட்டுமுங்க."

நீல பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் வைத்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி நின்ற மனைவியிடம், "மொதல்ல நீ எழுது" என்றார். கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் வேலை செய்கிறவர் அந்த அம்மாள். பிரஷ்ஷை உறுதியாகத்தான் பிடித்தார்.

"கைய ஆட்டாத. துணைக்கால நேரா எறக்கு," என்று அண்ணன் பின்னால் நின்று தவித்தார்.

"சித்த சும்மா இருங்க. எம்பேரு எனக்குத் தெரியும்."

பாவாயி என்று எழுதினார்.

அப்புறம் மாணவிகள், கேன்டீன் அக்கா, பிரின்சிபால் மேடம், நான் என்று வரிசை நீண்டுவிட்டது. சிறப்பு விருந்தினர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் வந்து நின்றார். மதியத்துக்குள் இடம் தீர்ந்தது. எழுத்துகள் கோணிக்கொண்டும் வழிந்துகொண்டும் இருந்தன.

"லேசா நேராக்கிடுங்களேன் அண்ணா."

"ஒண்ணுலயும் கை வெக்க மாட்டனுங்க. அவங்கவங்க கையி."

பாவாயி அம்மாள் எட்டுப் பலகைகளையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஆட்டோவில் காத்திருந்து பார்த்துவிட்டு, கல்லூரியே அதிரக் கத்தினார்: "பாவாயீ! போலாமா?"

வராந்தா மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊருக்கே கேக்குது. மெதுவாக் கூப்புடுங்க!"

"பழகட்டும்," என்று இன்னொரு முறை கூப்பிட்டார் அண்ணன்.

வராந்தாவில் யார் சத்தம் போட்டாலும் எரிந்துவிழுகிற நான், ஆட்டோ வளைவில் மறைகிறவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.