எல்லாம் அங்கே

நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு, "நாங்க ஒண்ணுமே செய்யறதில்லை" என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்கும் ஓர் இனம் உண்டு. பல நாடுகளில் கிளை விரித்த கம்பெனியில், ஒரு கிளை இன்னொரு கிளைக்கு என்ன விலைக்குச் சரக்கை விற்றது, லாபம் எந்த நாட்டில் போய் விழுந்தது என்று வரி அதிகாரிகள் குடையும்போது பதில் சொல்வதற்கென்றே பிறவி எடுத்தவர்கள் இவர்கள்.

நம்மவருக்கு ஆபீசில் 'அங்கே சார்' என்று பெயர். மூளை, முடிவு, லாபம் எல்லாம் அங்கே என்று கடலுக்கு அப்பால் கை காட்டுவார். விமானம் ஏறிப் போய், அங்குள்ள அதிகாரியிடம் இன்னும் தள்ளி ஓர் 'அங்கே'யைக் காட்டுவார். அப்படியானால் லாபத்தைக் கடல்மீன்களா தின்றன?

வீட்டிலும் இதே கதைதான்.

"குழாய் ஒழுகுதே, யாரைக் கூப்பிடலாம்?"

"முடிவெடுக்கிற இடத்துல நான் இல்லையே!"

"தெரியும். அதான் நானே கூப்பிட்டுட்டேன்" என்பார் மனைவி.

இந்த வருடம் ஒரு பெரிய விசாரணை வந்தது. முடிவுகள் இங்கேதான் எடுக்கப்பட்டன என்று ருசுவாகிவிட்டால், லாபமும் இங்கே சம்பாதித்ததாகிவிடும்; ஐந்து வருட வரி அபராதத்தோடு வந்து விழும். அங்கே சாரின் சீட்டும் கிழிந்துவிடும். அதனால் கிளை மேலாளரை ஒரு வாரம் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"நீங்க வெறும் கை. சொன்னதைச் செய்வீங்க, அவ்வளவுதான்."

"எனக்கு இருபது வருஷ அனுபவம் சார்."

"அதை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வாங்க."

பாவம், மனிதர் மானத்தை விழுங்கிக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம்" என்று அற்புதமாகச் சொன்னார். விசாரிக்க வந்த வரி அதிகாரி அம்மாள் முந்நூறு பக்கக் கோப்பை முழுக்கப் புரட்டிவிட்டு மூடினார். வழக்கு முடிந்த மாதிரிதான். எழுந்திருக்கும்போது பெருமூச்சு விட்டார்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டை நான் பார்த்ததே இல்லை. அங்க இருக்கிறவர் பெரிய மூளைக்காரர்தான். நான் பாராட்டினேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

அங்கே சார் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். ஒவ்வொரு விலையையும் பார்த்துப் பார்த்துப் போட்டது யார்? பாராட்டு யாருக்கு? மேலாளர் மேஜைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தார். பிரயோஜனமில்லை.

"மேடம், அங்க யாருமே இல்லை. எல்லாம் நான்தான். இங்கயே, நம்ம மூணாவது மாடியில உட்கார்ந்து போட்டது!"

"அப்படியா?" அதிகாரி மறுபடி உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். "தேதி வாரியா சொல்லுங்களேன்."

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வேலைக்கான பாராட்டு உங்கள் கண்ணெதிரிலேயே வேறொருவருக்குப் போனபோது, நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறீர்களா? இருந்தேன் என்கிறீர்களா? அதையும் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்?